தண்ணீரைப் பார்த்துப் புறப்படுங்கள்: வடசென்னை நீர்நிலைகளில் பருவந்தோறும் பறவை பார்க்க முழு வழிகாட்டி

சென்னையில் பறவை பார்க்க எங்கே போகலாம் என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் தெற்கே பள்ளிக்கரணையையும் வேடந்தாங்கலையும்தான் சொல்வார்கள். பள்ளிக்கரணைக்கு 2022-ல் ஈரநிலங்களுக்கான பன்னாட்டு உடன்படிக்கையான ராம்சாரின் அங்கீகாரமும் கிடைத்துவிட்டது. ஆனால் வண்ணாரப்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ மாதவரத்திலோ குடியிருப்பவர் ஊரைக் குறுக்கே கடந்து அங்கே போக வேண்டிய அவசியமில்லை. சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காடு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கிறது. அதற்கு முன்னாலேயே எண்ணூர்க் கழிமுகம். அதற்கும் முன்னால், பேருந்து ஜன்னலிலிருந்தே பார்க்கக்கூடிய ரெட்டேரி.

வடக்கே போகிறவர்கள் பலர் ஏமாந்து திரும்புவதற்குக் காரணம் பறவை இல்லாததல்ல. விடுமுறை நாள் பார்த்துப் போகிறார்கள், தண்ணீர் பார்த்துப் போவதில்லை. தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, ஏறுகிறதா இறங்குகிறதா, உப்பா நன்னீரா என்பதைத் தெரிந்துகொண்டு கிளம்பினால், எந்த மாதத்திலும் இங்கே பார்க்க ஏதாவது இருக்கும். இந்த வழிகாட்டியில் எல்லாவற்றையும் அதை வைத்தே சொல்லப் போகிறேன்.

முதல் படி: எந்தத் தண்ணீருக்குப் போகிறோம்?

வடசென்னையில் மூன்று வகைத் தண்ணீர் இருக்கிறது. முதலாவது நன்னீர் ஏரிகள்: ரெட்டேரி, கொரட்டூர், புழல், சோழவரம். புழலும் சோழவரமும் குடிநீர் ஏரிகள். புழலின் முழுக் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி, சோழவரத்துக்கு 1,081. இவற்றின் உள்ளே இறங்க முயல வேண்டாம். பொதுச்சாலையிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புதிதாகத் தொடங்குகிறவருக்கு ரெட்டேரியைத்தான் சொல்வேன். நாமக்கோழி, முக்குளிப்பான், நீலத் தாழைக்கோழி, நீர்க்காகம், மடையான் எல்லாம் பக்கத்திலேயே தெரியும். கண் பழகுவதற்கு நல்ல இடம்.

இரண்டாவது, கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர்க் கழிமுகம். அனல்மின் நிலையப் புகைக்கூண்டுகளும் நிலக்கரியும் துறைமுகமும் நெருக்குகிற இடம். சாம்பல் படிந்த சேறு. இருந்தும் சேற்றில் இரை தேடும் கரைப்பறவைகளான உள்ளான்களும் கொக்குகளும் கூழைக்கடாக்களும் இன்னும் இந்த ஆற்றை விட்டுப் போகவில்லை. பறவை பார்க்கிற ஒவ்வொருவரும் ஒருமுறையாவது இங்கே வந்து நிற்க வேண்டும் என்பது என் ஆசை. பார்க்க ஆள் வருகிற இடத்தைக் காலி நிலம் என்று சொல்லி எடுத்துக்கொள்வது அத்தனை எளிதல்ல.

மூன்றாவது பழவேற்காடு. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பக்கம் 153.67 சதுர கிலோமீட்டர் பரப்பு 1980-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு. தெற்கே ஆரணி ஆறு வந்து சேர்கிறது. மழைக்காலத்தில் ஆற்று நீரால் உப்பு குறையும், கோடையில் ஏறும். முகத்துவாரம் மணல் மூடி அடைபட்டால் எல்லாமே மாறிவிடும்.

இரண்டாம் படி: தண்ணீரைப் படிக்கப் பழகுங்கள்

கரையில் நின்றதும் தொலைநோக்கியை எடுக்காதீர்கள். வெறுங்கண்ணால் தண்ணீரின் ஆழத்தைக் கணியுங்கள். எந்தப் பறவை எங்கே நிற்கும் என்பதை அதன் காலும் அலகும் தீர்மானிக்கின்றன. ஈரம் மட்டும் மின்னுகிற சேற்றில் கொசு உள்ளானும் உப்புக்கொத்தியும் ஓடும். கணுக்கால் அளவு தண்ணீரில் பவளக்காலி. அதற்கும் கொஞ்சம் ஆழத்தில் நெடுங்கால் உள்ளானும் கருவால் மூக்கனும். முழங்கால் ஆழத்தில் பூநாரை, கரண்டிவாயன், மஞ்சள் மூக்கு நாரை. நிற்க முடியாத ஆழத்தில் வாத்தும் கூழைக்கடாவும். இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டால், தூரத்தில் புள்ளியாகத் தெரிவது என்னவாக இருக்கும் என்று பாதி ஊகித்துவிடலாம். பெயர் மனப்பாடம் செய்வதைவிட இது சீக்கிரம் கைவரும்.

எண்ணூரிலும் பழவேற்காட்டு முகத்துவாரத்துப் பக்கமும் கடலின் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நம் கரையில் இந்த வித்தியாசம் பெரிதில்லை, ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். ஆனால் சமதளமான சேற்றில் ஓர் அடி தண்ணீர் இறங்கினாலே பெரிய பரப்பு வெளியே வந்துவிடும். தண்ணீர் முழுக்க இறங்கிய நேரத்தில் பறவைகள் எட்டாத தூரத்துக்குச் சிதறிப்போய் மேயும். முழுக்க ஏறிய நேரத்தில் மேட்டில் ஒதுங்கித் தூங்கும். இறங்கிய தண்ணீர் மறுபடி ஏறத் தொடங்குகிற நேரமே பார்ப்பதற்கு அருமையான நேரம். ஏறுகிற தண்ணீர் அவற்றை உங்கள் பக்கமாகத் தள்ளிக்கொண்டு வரும். நீங்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தால் போதும்.

இதைக் கணக்கிட வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரே பாதி வேலையைச் செய்துவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்ற இறக்கம் அதிகம். அஷ்டமி, நவமி பக்கம் குறைவு. ஏறும் நேரம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். சென்னைத் துறைமுகத்துக்கான ஓத (கடல் ஏற்ற இறக்க) அட்டவணை இணையத்தில் கிடைக்கிறது. கழிமுகத்தின் உள்ளே போகப்போக அதைவிடத் தாமதமாகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

அட்டவணையைவிட நம்பகமானவர் கரையில் வலை அலசிக்கொண்டிருப்பவர். முகத்துவாரக்குப்பம், காட்டுக்குப்பம் பக்கம் யாரிடமாவது, "அண்ணா, தண்ணி ஏறுதா, வத்துதா?" என்று கேட்டுப் பாருங்கள். "இப்பதான் வத்த ஆரம்பிச்சிக்குது தம்பி, ரெண்டு மணி நேரம் கழிச்சு வா, சேறு தெரியும். அப்பதான் உள்ளான் எறங்கும்" என்று நிமிர்ந்து பார்க்காமலேயே பதில் வரும். நின்று பேச நேரமிருக்கிறவராக இருந்தால், போன மாதம் எந்தப் பக்கம் பூநாரை நின்றது என்பதையும் சொல்வார். கேட்டதற்கு நன்றியாக அவர் வலைமேல் மிதிக்காமல் நடங்கள்.

மூன்றாம் படி: பருவம்

*ஆடி, ஆவணி.* பறவைகள் பருவம் பார்த்து இடம்பெயரும் வலசை தொடங்கிவிட்டது என்பதைப் பலர் கவனிக்கத் தவறும் காலம் இது. மத்திய ஆசியாவிலும் அதற்கு வடக்கேயும் கூடு கட்டி முடித்த உள்ளான்கள் ஆகஸ்ட்டிலேயே எண்ணூர்ச் சேற்றில் இறங்கத் தொடங்கும். முதலில் வருகிறவற்றில் சிலவற்றின் மார்பில் இனப்பெருக்கக் காலத்துச் செம்பழுப்பு இன்னும் மிச்சமிருக்கும். சில வாரங்களில் உதிர்ந்து எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். அதனால் உள்ளான் வகைகளைப் பிரித்தறியக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல நேரம் கிடையாது. அதே மாதங்களில் தாமரையும் அல்லியும் படர்ந்த நன்னீர் ஏரிகளில் நீளவால் இலைக்கோழி தன் நீண்ட வாலோடு இலைமேல் நடப்பதைப் பார்க்கலாம். குளிர்காலத்தில் போனால் அந்த வால் இருக்காது.

*புரட்டாசி முதல் கார்த்திகை வரை.* வடகிழக்குப் பருவமழை. பழவேற்காட்டில் தண்ணீர் உயர்ந்துவிடும். பூநாரை நின்று மேய ஆழம் ஒத்துவராது. "அவ்வளவு தூரம் போய் ஒன்றுமே இல்லை" என்கிற புலம்பல் பெரும்பாலும் இந்த மாதங்களில் போனவர்களுடையது. இப்போது வயல்களுக்குப் போங்கள். மீஞ்சூரிலிருந்து பொன்னேரி வரை நெல் வயல்களில் நத்தை குத்தி நாரையும் வெள்ளை அரிவாள் மூக்கனும் உண்ணிக்கொக்கும் நிறைந்திருக்கும். நாற்றுக்கு மேலே தாழப் பறந்து எலியும் தவளையும் தேடும் சேற்றுப் பூனைப்பருந்து ஐப்பசி வாக்கில் வந்து சேரும். மின்கம்பிகளில் தகைவிலான்கள் வரிசை கட்டும். புயல் எச்சரிக்கை வந்தால் எவ்வளவு ஆசையாக இருந்தாலும் கரைக்குப் போகக் கூடாது.

*மார்கழி, தை, மாசி.* எல்லோரும் காத்திருக்கும் காலம். மழை நின்று தண்ணீர் மெல்ல வடியும்போது பழவேற்காடு திறந்துகொள்கிறது. ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் நடு ஏரியில் கூட்டமாக மிதக்கும். பழுப்புத்தலைக் கடற்காகங்களும் ஆலாக்களும் மீன் படகுகளைச் சுற்றும். விராலடிப்பான் ஏதாவது ஒரு கழியின் உச்சியில் மீனைக் கால்களில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கூழைக்கடாக்களும் இங்கே மேய வரும். எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திரத்து நேலப்பட்டு அவை கூடு கட்டும் இடம்.

பூநாரைகளுக்கு மட்டும் ஒரு முழுக் காலைப்பொழுதை ஒதுக்குங்கள். தூரத்தில் வெள்ளைக் கோடாகத் தெரிவதைத் தொலைநோக்கியில் பிடித்து, ஒரே ஒரு பறவையைத் தேர்ந்தெடுத்து, அதை மட்டும் பத்து நிமிடம் பாருங்கள். கழுத்தை இறக்கி, தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, மேல் அலகு கீழே இருக்கும்படி தண்ணீருக்குள் வைக்கும். நாக்கு உள்ளே முன்னும் பின்னும் போய்த் தண்ணீரை இழுத்து வெளியே தள்ள, அலகின் ஓரத்தில் இருக்கும் சீப்பு போன்ற தகடுகளில் பாசியும் நுண்ணிய இறால் வகைகளும் தங்கிவிடும். இடையிடையே காலை மாற்றி மாற்றி மிதித்துச் சேற்றைக் கலக்கும். அப்படியே தன்னைத் தானே சுற்றி வரும். தண்ணீர் வடிந்த பிறகு அந்த இடத்தில் வட்ட வட்டமான தடங்களைக் காணலாம். சிறகின் இளஞ்சிவப்பு இந்த உணவிலிருந்து சேருகிற நிறம்தான். கூட்டத்தில் சாம்பல் நிறத்தில் மங்கலாக நிற்பவை இளம் பறவைகள், நிறம் ஏற இன்னும் சில ஆண்டுகள் ஆகும். அலகு இளஞ்சிவப்பாக இருந்து நுனி மட்டும் கறுத்திருந்தால் பெரிய பூநாரை. உருவம் சிறிதாகி, அலகு முழுக்கக் கருஞ்சிவப்பாகத் தெரிந்தால் சிறிய பூநாரை. இங்கே பெரும்பாலும் பார்ப்பது பெரியதைத்தான்.

*பங்குனி, சித்திரை.* கிளம்புகிற காலம். போவதற்கு முன் உடை மாற்றிக்கொள்ளும். குளிர்காலம் முழுக்க வெள்ளைத் தலையோடு இருந்த கடற்காகத்துக்கு இப்போது பழுப்பு முக்காடு வந்திருக்கும். கருவால் மூக்கனின் கழுத்தில் செம்மை ஏறும். அவசரம் அவசரமாகத் தின்று கொழுப்பு சேர்க்கிற நேரம் இது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறக்க வேண்டியவற்றை ஒருமுறை எழுப்பினாலும் அவற்றுக்கு இழப்பு. எனவே மற்ற மாதங்களைவிட இன்னும் தள்ளியே நில்லுங்கள்.

*வைகாசி, ஆனி.* வெயிலுக்குப் பயந்து யாரும் வரமாட்டார்கள். காலை ஐந்தரைக்கு அங்கே இருந்து எட்டரைக்குத் திரும்பிவிடுவதாக இருந்தால் வாருங்கள். உள்ளூர்ப் பறவைகள் குடும்பம் நடத்துகிற மாதங்கள் இவை. வற்றிய சேற்றுத் திட்டிலும் உப்பளத்து வரப்பிலும் நெடுங்கால் உள்ளான், ஆள்காட்டி, சின்ன ஆலா ஆகியவை வெறும் தரையில் முட்டையிடும். ஆள்காட்டியையும் நெடுங்கால் உள்ளானையும் கவனியுங்கள். தண்ணீருக்குப் போய் வயிற்றுச் சிறகை நனைத்துக்கொண்டு வந்து, அந்த ஈரத்தோடு முட்டைமேல் உட்காரும். சுடுகிற தரையில் முட்டை வெந்துபோகாமல் காப்பது அந்த ஈரம்தான். நீங்கள் பக்கத்தில் நின்று அதைப் பத்து நிமிடம் கூட்டிலிருந்து விலக்கி வைத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஆள்காட்டி தலைக்கு மேல் கத்திச் சுற்றினால், வந்த வழியே, கால் வைக்கும் இடத்தைப் பார்த்துப் பார்த்து, பின்வாங்குங்கள். அங்கே நின்று தேடவே கூடாது. பொன்னேரிப் பக்கத்துப் பனைகளில் தூக்கணாங்குருவிகள் கூடு பின்னுவதும் இந்தக் காலத்தில்தான் தொடங்கும்.

நான்காம் படி: வழியும் வெளிச்சமும்

பழவேற்காட்டுக்கு: சென்னை சென்ட்ரல் மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து கும்மிடிப்பூண்டி வழித்தடத்துப் புறநகர் ரயிலில் பொன்னேரியில் இறங்கி, அங்கிருந்து பேருந்து. திருவொற்றியூர், விம்கோ நகர் வாசிகள் தங்கள் நிலையத்திலேயே ஏறிக்கொள்ளலாம். எண்ணூருக்கும் அத்திப்பட்டு புதுநகருக்கும் இடையே ரயில் நீர்ப்பரப்பைக் கடக்கும். ஜன்னலோரம் உட்கார்ந்தால் அன்றைய தண்ணீர் நிலவரமும் சில கொக்குகளும் அங்கேயே தெரிந்துவிடும். எண்ணூருக்கு மட்டும் என்றால் எண்ணூர் நிலையத்தில் இறங்கி ஆட்டோ. கழிப்பறைத் தேவையைப் பொன்னேரியிலேயே முடித்துக்கொள்வது நல்லது, குறிப்பாகப் பெண்களும் குழந்தைகளும் வரும்போது.

சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். பழவேற்காட்டில் ஊர் ஏரிக்கு மேற்கிலும் கலங்கரை விளக்கத்துப் பக்கம் கிழக்கிலும் இருக்கிறது. எனவே காலையில் பாலத்தைக் கடந்து லைட்ஹவுஸ் குப்பம் பக்கம் போய் மேற்கு நோக்கிப் பாருங்கள். மாலையில் ஊர்க் கரையிலோ, இன்னும் வடக்கே மேற்குக் கரையில் இருக்கும் அண்ணாமலைச்சேரியிலோ நின்று கிழக்கு நோக்குங்கள். இந்த ஒன்றை மாற்றிச் செய்தால் நல்ல தொலைநோக்கியும் உதவாது.

ஐந்தாம் படி: கையில் என்ன?

8x42 தொலைநோக்கி போதும். எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடி 42 மில்லிமீட்டர். பத்து மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் பத்து மடங்கு தெரியும். ஏரி பரந்தது, ஆகவே நண்பர்கள் சேர்ந்து முக்காலியில் வைக்கும் ஒற்றைக்குழல் தொலைநோக்கி ஒன்றை வாங்கிப் பகிர்ந்துகொண்டால் பெரிய உதவி. தொப்பி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், மங்கிய நிறச் சட்டை, சேற்றில் கழன்றுபோகாத செருப்பு அல்லது ஷூ. அடையாள அட்டை கட்டாயம். எண்ணூரைச் சுற்றித் துறைமுகங்களும் மின் நிலையங்களும் இருக்கின்றன. நீண்ட லென்ஸை அந்தப் பக்கம் திருப்பினால் தேவையில்லாத விசாரணை வரும். அனுமதியில்லாமல் டிரோன் எங்குமே வேண்டாம்.

ஆறாம் படி: கரையில் நடந்துகொள்ளும் விதம்

படகு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். வனத்துறையிடம் கேட்டு, அனுமதியும் உயிர்காப்பு உடையும் இருந்தால் மட்டும் ஏறுங்கள். இல்லையென்றால் கரையும் பாலமும் போதும். படகில் போகிறவர்கள், படகைக் கூட்டத்துக்குள் விட்டுப் பூநாரைகளைப் பறக்கவைக்கச் சொல்லும் பழக்கம் இருக்கிறது. சிறகின் கருஞ்சிவப்பு விரிகிற படம் கிடைக்கும் என்பதற்காக. ஓடி எழும்பி அரைக் கிலோமீட்டர் பறந்து இறங்குவதற்குள், அந்தப் பறவைகள் காலையில் வடிகட்டித் தின்றதில் ஒரு பங்கு வீணாகச் செலவாகிவிடும். தலையை நிமிர்த்தி எல்லாம் ஒரே பக்கம் நடக்கத் தொடங்கினால் நீங்கள் ஏற்கெனவே மிக நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

வெறும் சேறாகத் தெரிவதில் இறங்காதீர்கள். மேலே காய்ந்தும் உள்ளே இடுப்பளவு குழம்பாகவும் இருக்கும் இடங்கள் உண்டு.

இந்தத் தண்ணீர் பறவைகளுக்கு முன்னே மீனவர்களுக்கும் இருளர்களுக்கும் சோறு போடுகிறது. பழவேற்காட்டில் எந்தக் குடும்பம் எந்த நாளில் எங்கே வலை கட்டலாம் என்பதைச் சீட்டுப் போட்டு முறை வைக்கும் 'பாடு' வழக்கம் தலைமுறைகளாக இருக்கிறது. கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களையும் பார்ப்பீர்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். பறவைக்காக அவர்களை ஒதுங்கச் சொல்லவும் கூடாது. மதியச் சாப்பாட்டுக்கு அங்கேயே நண்டோ மீனோ வாங்குங்கள். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாட்களில் மீனவர்களுக்கே கட்டுப்பாடு இருக்கும், அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

காயம்பட்ட அல்லது எண்ணெய் படிந்த பறவையைக் கண்டால் நீங்களே பிடித்துக் கழுவ வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது, கூழைக்கடாக்கள் சிறகெல்லாம் கறுத்து நின்றன. அப்படிப்பட்ட பறவையைத் துரத்தினால் அது அதிர்ச்சியிலேயே இறந்துவிடலாம். இடத்தைக் குறித்துக்கொண்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

ஏழாம் படி: குறிப்பு

அன்றைய பட்டியலைப் பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இ-பேர்ட் செயலியில் ஏற்றுங்கள், இலவசம்தான். அதோடு ஒரு சின்ன நோட்டில் அந்தச் செயலி கேட்காத சிலவற்றையும் எழுதுங்கள்: திதி, தண்ணீர் ஏறியதா வற்றியதா, பாலத்துத் தூணில் தண்ணீர் எந்த மட்டத்தில் நின்றது, முகத்துவாரம் திறந்திருந்ததா. ஒரு வருடம் எழுதினால், அடுத்த தையில் எந்த நாள் கிளம்பலாம் என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது. ஆரம்பிக்க நல்ல நேரம் வேண்டுமென்றால், பொங்கல் விடுமுறை நாட்களில் தமிழ்நாடு முழுவதும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேருங்கள். பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று, கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் எண்ணி எழுதினால் போதும். ரெட்டேரிக் கரையே அதற்குத் தோதான இடம்.